முப்பத்து மூன்று கூடுகள்

ஹாபாபெரா விரிகுடாவின் பறவைகளை இருபத்து மூன்று வருடம் எண்ணி எழுதினேன். அத்தனை வருடத்தில் ஒரே ஒரு பொய்தான் எழுதினேன். அதைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். அதனால் நடந்ததை நடந்த வரிசையில் நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஐலா. நூலக வண்டி ஓட்டுவது என் தொழில். வாரத்தில் நான்கு நாள் பண்ணை பண்ணையாகப் போய்ப் புத்தகம் கொடுத்து வாங்குவேன். மே, ஜூன் மாதங்களில் இடையிடையே விடுப்பு எடுத்துக்கொண்டு விரிகுடாவில் கூடுகளை எண்ணி, ஹெல்சிங்கியில் நாட்டின் பறவைக் கணக்கை வைத்திருப்பவர்களுக்குத் தாள் அனுப்புவேன். அதற்குச் சம்பளம் கிடையாது. என்னைப் போல் நாடு முழுக்கப் பல பேர் அனுப்புகிறார்கள்.

விரிகுடா என்பது பெயருக்குத்தான். முழங்கால் ஆழத் தண்ணீர், அதற்குக் கீழே அடி தெரியாத சேறு, சுற்றிலும் நாணல். கரை இல்போவின் நிலம். படகும் அவனுடையது. தட்டையான அடி கொண்ட பழைய படகு; துடுப்பு போட முடியாது, நீளக் கழியை ஊன்றித் தள்ள வேண்டும். இல்போ பள்ளியில் எனக்குப் பின்வரிசைக்காரன். அப்பாவிடமிருந்து வந்த, ரோமத்துக்காக நரி வளர்க்கும் பண்ணையை நடத்தினான். பதினோரு கொட்டகை, ஆயிரத்து நானூறு தாய் நரிகள். குட்டிகள் பிறந்துவிட்டால் கோடையில் எட்டாயிரத்தைத் தாண்டும். அத்தனை வேலையிலும் வருடத்தில் நான்கு காலைகள் எனக்காகக் கழி ஊன்றினான்.

நான் எண்ணப் போனது முக்கியமாகச் சின்னக் கடற்காகத்தை. பழக்கம் இல்லாதவர்கள் அதைப் பார்த்து ஆலா என்ற வேறொரு கடற்பறவை என்பார்கள். கடற்காகக் குலத்திலேயே சிறியது அதுதான். நூற்றிருபது கிராம் இருந்தால் அதிகம், ஒரு கைக்குள் அடங்கிவிடும். கோடையில் தலை முழுக்கக் கறுப்பு, பிடரி வரை இறங்கியிருக்கும். அதன் பக்கத்திலேயே கூடு கட்டும் பெரிய இனத்தைச் சிரிப்புக் கடற்காகம் என்போம், கத்துவது அப்படி இருப்பதால். சிரிப்பானின் தலை கறுப்பல்ல, காப்பிக்கொட்டை நிறம். கண்ணோரம் வெள்ளைக் கோடு உண்டு. சின்னதுக்கு அந்தக் கோடு கிடையாது. கறுப்புக்குள் கண் எங்கே என்று தேட வேண்டும். சிறகின் மேல்பக்கம் வெளிர் சாம்பல், நுனி வெள்ளை. அடிப்பக்கம் புகை படிந்தது போலிருக்கும். பறந்து திரும்பும்போது ஒரு கணம் வெள்ளையாகவும் மறுகணம் கறுப்பாகவும் தெரியும். தண்ணீர்மேல் தாழப் பறந்து, காலைத் தொங்கவிட்டுப் பூச்சியைக் கொத்திக்கொண்டு எழும்பும். குப்பைமேட்டுக்கும் பண்ணைக்கும் அது வருவதில்லை. மே மாதம் பத்தாம் தேதி வாக்கில் வரும். நாணல் தண்டுகளை மிதவைபோல் சேர்த்து இரண்டு மூன்று முட்டை இடும். ஜூலையில் குஞ்சுகளோடு போய்விடும். மிச்ச மாதமெல்லாம் கடல்தான்.

தனியாகக் கூடு கட்ட அதற்குத் துணிச்சல் போதாது. நடுவில் சிரிப்பான்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்க, அவற்றின் ஓரத்தில் இடம் பிடிக்கும். காக்கையோ பருந்தோ வந்தால் சண்டை போடுவது சிரிப்பான்கள். சின்னது எழும்பி நின்று கத்துவதோடு சரி.

"எம்பது நாள் வாடகைக்காரங்க," என்பான் இல்போ. "வருஷம் பூரா கடல்ல சுத்திட்டு கொசு திங்க நம்ம ஊருக்கு வருதுங்க. திங்கட்டும். கொசுவுக்கு இங்க பஞ்சமில்ல."

"உன் தீனியத் தொடாத ஒரே கடற்காகம் இதுதான். அதுக்காகவாவது நல்ல வார்த்தை சொல்லு."

"சிரிப்பானுங்க தொடுறானுங்களே. இவனுங்க சொந்தக்காரங்கதான?"

கிண்டல்தான். சின்னதின் குரலை என்னைவிட முந்திக் கேட்பவன் அவன். "உன் வாடகைக்காரங்க வந்தாச்சு" என்று மே மாதத்தில் அவன்தான் ஃபோன் செய்வான். இருபது வருடத்தில் எந்த மிதவை ஆளைத் தாங்கும், எந்த இடத்தில் சேறு இழுக்கும் என்று அவனுக்கு மனப்பாடம். கூடு மிதிபடாமல் கூட்டத்துக்குள் நடக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவனும் அவன்தான்.

நான்கு வருடத்துக்கு முன் ஊர்ப் பண்ணைக்காரர்கள் ஒரு மனு போட்டார்கள். சிரிப்பான்கள் கொட்டகைக்குள் நுழைந்து கூண்டுமேல் வைத்த தீனியைத் தின்கின்றன, எச்சமிடுகின்றன, நோய் வந்தால் யார் பொறுப்பு, விரிகுடாவில் போய்ச் சுட அனுமதி வேண்டும் என்று. அதிகாரிகள் என் தாள்களை வாங்கிப் பார்த்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் சட்டக் காப்பு உள்ள சின்னக் கடற்காகம் நாற்பது ஜோடிக்கு மேல் இருப்பதால் விரிகுடாவில் துப்பாக்கி கூடாது என்று பதில் வந்தது.

"முப்பது பேர் கையெழுத்து போட்டோம்," என்றான் இல்போ. "உன் நாப்பது ஜோடி எங்களத் தோக்கடிச்சிருச்சு, பறவைக்காரி."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அந்த வருடமும் கழி ஊன்றினான்.

பறவைக் காய்ச்சல் வந்த வருடம் ஜூன் முதல் தேதி நாங்கள் இருவரும் படகில் போனோம். கூட்டம் கிட்ட வந்ததும் இல்போ கழியை நிறுத்தினான். சத்தம் குறைவாக இருந்தது. ஒரு சிரிப்பான் எங்கள் படகுக்கு முன்னால் ஒரே இடத்தில் வட்டமாக நீந்திக்கொண்டிருந்தது. கழுத்து ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டு விலகவில்லை. உள்ளே போகப் போகக் கூட்டின்மேல் உட்கார்ந்தபடியே செத்தவை தெரிந்தன. இருபத்தாறு சிரிப்பான்கள். ஓரத்தில் நான்கு சின்னவை. அவற்றில் ஒன்று தலையை முதுகில் சாய்த்துத் தூங்குவதுபோல் கிடந்தது. அடியில் மூன்று முட்டை.

இல்போ கழியின் நுனியால் அதைத் திருப்பிப் பார்த்தான்.

"நோயா?"

"ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பார்த்தாத்தான் தெரியும்."

"அனுப்பினா எங்க கொட்டகைக்கும் வருவாங்க."

"வருவாங்க."

கழியைச் சேற்றில் ஊன்றிப் பிடித்தான். படகு அந்தக் கழியைச் சுற்றி மெல்லத் திரும்பியது.

"நான் வேணாம்னு சொன்னா நீ அனுப்பாம இருப்பியா?"

"இருக்க மாட்டேன்."

"அதான் நான் சொல்லல," என்றான். பிறகு கையுறையைப் போட்டுக்கொண்டு அவனே ஐந்து பறவைகளைப் பைக்குள் போட்டுக் கட்டினான்.

மூன்றாவது வாரம் அதிகாரிகள் அவன் பண்ணைக்கு வந்தார்கள். அதற்கு முன்பே குட்டிகள் விழத் தொடங்கியிருந்தன. நடை தள்ளாடும், கண்ணில் பீளை கட்டும், மறுநாள் காலை கூண்டின் மூலையில் கிடக்கும். ஆய்வுக்கூடத்திலிருந்து பதில் வந்த அன்றே எல்லாவற்றையும் கொல்ல உத்தரவும் வந்தது. நோய் இருப்பது, இல்லாதது எல்லாமே. அரசு மருத்துவர் ஓர் இளம் பெண். ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தோ என்னவோ, பறவைகளின் ஆய்வு முடிவு வருவதற்கு முன்பே நரிகளுக்குத் தொற்றியிருக்கும் என்று இல்போவிடம் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். கேட்டுக்கொண்டானா தெரியவில்லை.

ஆறு நாள் நடந்தது. இல்போவின் மனைவி மார்யுத் கூப்பிட்டதால் நான் போயிருந்தேன். கொட்டகைப் பக்கம் வெளியாள் போகக்கூடாது. வந்தவர்களுக்குக் காப்பி போடுவதும் பாத்திரம் கழுவுவதும்தான் எங்கள் வேலை. சமையலறை ஜன்னலைச் சாத்தினாலும் குரைப்பு கேட்கும். நரி குரைப்பது நாய் குரைப்பது போலில்லை, இருமல் போலிருக்கும். எட்டாயிரம் இருமல். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் அது கொஞ்சம் குறைந்திருக்கும். மூன்றாம் நாள் மார்யுத் கையில் துண்டோடு நின்று கேட்டாள்.

"அன்னிக்கு நீ அந்தப் பைய அனுப்பாம இருந்திருந்தா, ஐலா?"

"ரெண்டு வாரம் கழிச்சு இதேதான் நடந்திருக்கும்."

"ரெண்டு வாரம்," என்றாள். "ரெண்டு வாரம் இருந்திருக்கும்."

தாய் நரிகளை இல்போ தானே தூக்கிக்கொண்டு போனான். கொல்ல வந்திருந்த வெள்ளை உடுப்புக்காரர்கள் வேண்டாம் என்றும் கேட்கவில்லை. அவற்றுக்கு அவன் மணம் தெரியும், அவனிடம் மிரளாது என்றான். நான்காம் நாள் மதியம் உள்ளே வந்து சுவரோரப் பலகையில் உட்கார்ந்தான். கையுறைக்கு மேலே மணிக்கட்டெல்லாம் கடி. மிரளாது என்றவனைத்தான் கடித்திருந்தன. காப்பியை அவன் முன் வைத்தேன்.

"நீ எதுக்கு வந்த?"

"மார்யுத்துக்கு ஒத்தாசையா."

"எண்ண வந்தியோன்னு பார்த்தேன். எட்டாயிரத்து நூத்தி அறுபது. எழுதிக்கோ."

அதற்குப் பிறகு அவன் என்னோடு பதினோரு மாதம் பேசவில்லை. பனிக்காலத்தில் நூலக வண்டியை அவன் வாசலில் நிறுத்துவேன். மார்யுத் மட்டும் வருவாள். பிப்ரவரியில் அவளும் ஓலுவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். கொஞ்ச நாளைக்கு என்றாள். கொட்டகைகள் சுத்தம் செய்யப்பட்டு, கதவு திறந்தபடி, பனி உள்ளே விழுந்துகொண்டு நின்றன.

மே மாதம் வந்தது. வந்தாச்சு என்று யாரும் ஃபோன் செய்யவில்லை. படகும் இல்லை. நாணலுக்கு இப்பால் இருக்கும், பறவை பார்க்கும் கோபுரத்தில் ஏறித் தொலைநோக்கியால் எண்ணினேன். சிரிப்பான்கள் பாதியாகக் குறைந்திருந்தன. சின்னவை முப்பத்தெட்டு ஜோடி. நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இருபத்தேழாம் தேதி சனிக்கிழமை. காலை ஒன்பது மணி இருக்கும். கோபுரத்தில் இருந்தேன். இல்போவின் படகு நாணலை விட்டு வெளியே வருவதைத் தொலைநோக்கியில் பார்த்தேன். மார்பு வரை வரும் ரப்பர் உடுப்பு போட்டிருந்தான். படகில் கொட்டகையில் சாணம் வாரும் மண்வெட்டி கிடந்தது. சிரிப்பான்கள் எழும்பிக் கத்தத் தொடங்கின. அவன் அந்தப் பக்கம் போகவில்லை. ஓரத்தைச் சுற்றிக்கொண்டு சின்னவற்றிடம் போனான்.

படகை ஊன்றி நிறுத்திவிட்டு இறங்கினான். முதல் மிதவைக்கு அடியில் மண்வெட்டியைக் கொடுத்து அப்படியே கவிழ்த்தான். அடுத்ததற்குப் போனான்.

நான் கத்தினேன். அறுநூறு மீட்டர் தூரம், எதிர்க்காற்று. ஃபோன் போட்டேன். அவன் மார்புப் பையிலிருந்து எடுத்துப் பார்ப்பது தெரிந்தது. பார்த்துவிட்டுத் திரும்பப் பைக்குள் வைத்தான். பிறகு மறுபடி மண்வெட்டி.

அவன் அவசரப்படவில்லை. எந்த இடம் தாங்கும் என்று தெரிந்தவன் நடப்பதுபோல் நடந்தான். ஒரு கூட்டையும் தவறவிடவில்லை. நாணலுக்குள் மறைந்திருந்த இரண்டைக்கூடத் தேடிப் போனான். அந்த இரண்டையும் நான் கோபுரத்திலிருந்து கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகியிருந்தது. சின்னவை அவன் தலைக்குமேல் கெக் கெக் என்று எழும்பி நின்றன. சில அவன் தொப்பி வரை இறங்கி வந்து விலகின. நூறு கிராம் பறவை ஓர் ஆளை என்ன செய்துவிட முடியும்? சிரிப்பான்கள் தங்கள் பக்கம் யாரும் வரவில்லை என்று கண்டதும் அமைதியாகிக் கூட்டில் உட்கார்ந்துவிட்டன. கூடு போன இடத்தில் சில சின்னவை வெறும் தண்ணீரில் வந்து உட்கார்ந்தன. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்வதென்று தெரியாமல் எண்ணினேன். முப்பத்து மூன்று.

கோபுரத்தை விட்டு இறங்கி நாணலைச் சுற்றி நடந்து அவன் படகுத்துறைக்குப் போனேன். அவன் வந்து சேர்ந்தான். மண்வெட்டியில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தது.

"தீனி தின்னது சிரிப்பானுங்க," என்றேன். "உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"பின்ன ஏன் இதுங்கள?"

"அவனுங்களச் சுட அனுமதி கேட்டோம். இதுங்க இருக்கு, முடியாதுன்னாங்க. இப்ப இதுங்க இல்ல. அடுத்த வருஷம் கேட்டாக் குடுப்பாங்க."

"உங்கிட்டதான் ஒரு நரியும் இல்லையே, இல்போ."

அதை அவன் யோசிக்கவே இல்லை என்று அந்த முகத்தைப் பார்த்து நினைத்தேன். குனிந்து மண்வெட்டியைத் தண்ணீரில் அலசினான். இரண்டு தடவை அலசினான்.

"போலீசுக்குச் சொல்லு," என்றான் நிமிராமலே. "நீதான் சொல்றவளாச்சே."

நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்படி மேசையில் உட்கார்ந்தேன். ஃபோன் எதிரே இருந்தது. ஒரு தடவை நான் சரியானதைச் செய்தேன். அதன் முடிவில் அவன் மணிக்கட்டுக் கடிகளோடு என் எதிரே உட்கார்ந்திருந்தான். இன்னொரு தடவை என்னால் முடியாது என்று தோன்றியது. இரக்கம் என்று சொல்லலாம். பயம் என்றும் சொல்லலாம். இன்னும் கூடு கட்டியிராத மீதி ஐந்து ஜோடியும் இரண்டு நாளில் போய்விட்டன. ஜூன் முதல் வாரம் தாளை எடுத்து நிரப்பினேன். கூடு அழிந்திருந்தால் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. 'மிங்க்' என்று எழுதினேன். மிங்க் என்பது ரோமத்துக்காக வளர்க்கும், கீரி போன்ற விலங்கு, நன்றாக நீந்தும், பண்ணையிலிருந்து தப்பியவை கூடுகளை நாசம் செய்வது எல்லா விரிகுடாவிலும் நடப்பதுதான். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் எங்கள் வட்டாரத்தில் மிங்க் பண்ணை ஒன்றுதான் மிச்சம். அது தென்ஹோவுடையது.

தென்ஹோவுக்கு எழுபத்திரண்டு வயது. மனைவி இல்லை. கப்பல்களைப் பற்றிய புத்தகம் மட்டும் எடுப்பார். ஜூன் பன்னிரண்டாம் தேதி நூலக வண்டியில் ஏறி, புத்தகத்தை என் முன்னால் வைத்துவிட்டு இறங்காமல் நின்றார்.

"காப்பு உள்ள பறவைய என் மிங்க் தின்னுடுச்சாம். ரெண்டு பேர் வந்து வேலியப் பார்த்தாங்க. வேலி பூரா மாத்தணுமாம், இல்லன்னா அடுத்த வருஷம் வளர்க்க விட மாட்டாங்களாம்."

"வேலி எப்படி இருக்கு?"

"எலி நுழையாது. பதினஞ்சு வருஷத்துல ஒண்ணு தப்பினதில்ல." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா எழுதியிருக்காம். யாரோ பார்த்துத்தான எழுதியிருப்பாங்க? சும்மா எழுத மாட்டாங்க இல்ல, ஐலா?"

எழுதுவது யார் என்று அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். அவர் குத்திக் காட்டவில்லை, உண்மையிலேயே கேட்டார். என் வார்த்தையை நம்பி, தன் வேலியைச் சந்தேகப்பட்டார். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. திருப்பித் தர வேண்டிய தேதியை முத்திரையிட்டுப் புத்தகத்தை நீட்டினேன்.

மூன்று நாள் கழித்து, பிற்பகலில் இல்போ என் வாசலுக்கு வந்தான். சவரம் செய்திருந்தான். சட்டை இஸ்திரி போட்டிருந்தது, மடிப்பு தப்பாக. உள்ளே வா என்றேன். வரவில்லை.

"டவுனுக்குப் போறேன். போலீஸ் ஸ்டேஷனுக்கு."

"எதுக்கு?"

"நீ என்ன எழுதியிருக்கேன்னு கேள்விப்பட்டேன்."

"உனக்காகத்தான்."

"நான் கேக்கலையே." கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னான். "நேத்து தென்ஹோ வந்தார். என் கண்ணு தெரியல, நீ வந்து வேலியப் பாரு, ஓட்டை இருந்தா மறைக்காமச் சொல்லுன்னார். போனேன். ரெண்டு பேரும் முழங்கால் போட்டு வேலி பூரா கையால தடவிப் பார்த்தோம். ஓட்டை இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் தடவினேன், ஐலா. மதியம் பூரா. அவர் ஒவ்வொரு கம்பத்துக்கிட்டயும் இங்க இருக்கா, இங்க இருக்கான்னு கேக்குறார்."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நான் போய்ச் சொன்னா உன் பேரும் வரும். அதச் சொல்லாமப் போகக் கூடாதுன்னு வந்தேன்."

"வரட்டும்."

"கூட வர்றியா? ஒரே தடவையில முடிஞ்சிரும்."

அவன் வண்டி வாசலில் இன்ஜின் அணைக்காமல் நின்றது. அதைப் பார்த்தேன். "இன்னிக்கு வேணாம்," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றும் தெரியாது. அவன் கொஞ்சம் காத்திருந்தான். பிறகு தலையை அசைத்துவிட்டுப் போனான். மறுநாள் நான் தனியாகப் போனேன். மேசைக்குப் பின்னாலிருந்த பெண் போலீஸ் அதிகாரி நான் சொன்னதைத் தட்டச்சு செய்துவிட்டு, "நேத்தே வந்திருக்கலாம், அவர் உங்களப் பத்தி ஒரு வார்த்தை தப்பா சொல்லல," என்றாள்.

தென்ஹோ வீட்டுக்கு அன்று மாலையே போய் நான்தான் எழுதினேன் என்றேன். படியில் உட்கார்ந்து மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தார். முழுவதும் கேட்டார். கத்தியைத் துடைத்தார்.

"இல்போ நேத்து சொல்லிட்டான்," என்றார். "நீ எப்ப வருவேன்னு பார்த்தேன்."

அதோடு உள்ளே போய்விட்டார்.

வழக்கு இலையுதிர்காலத்தில் முடிந்தது. இல்போவுக்கு அபராதம் விதித்தார்கள். துப்பாக்கிகளையும் வேட்டை உரிமத்தையும் வாங்கிக்கொண்டார்கள். நீதிமன்றத்தில் ஏன் என்று கேட்டபோது, "அதுங்க எங்க இருக்கும்னு எனக்குத் தெரியும், அதான்," என்றான். எனக்குத் தண்டனை ஏதும் இல்லை. ஹெல்சிங்கியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மரியாதையான கடிதம். ஒரு வருடத் தாளில் தெரிந்தே தவறு இருப்பதால், சரிபார்க்க வழியில்லாத மற்ற வருடங்களையும் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது என்றும், இத்தனை காலம் உழைத்ததற்கு நன்றி என்றும் எழுதியிருந்தது. இருபத்து மூன்று வருடம். அந்த விரிகுடாவில் சின்னக் கடற்காகம் இருந்ததற்கு வேறு எழுத்து கிடையாது. இப்போது அவை அங்கே இருந்ததே இல்லை என்று யாராவது சொன்னால் நான் எதைக் காட்டுவேன்?

தென்ஹோவின் வேலியில் குறை இல்லை என்று திருத்தி எழுதிக் கொடுத்தார்கள். அவர் அந்தக் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அந்தக் குளிர்காலத்தோடு பண்ணையை மூடினார். மனசு விட்டுப்போச்சு என்று கடையில் யாரிடமோ சொன்னாராம். இன்னும் புத்தகம் எடுக்கிறார். வண்டிக்குள் ஏறுவதில்லை. திருப்புகிற புத்தகத்தைப் படிமேல் வைப்பார். புதியதை நான் அங்கேயே வைத்துவிட்டுப் போவேன்.

மார்யுத் திரும்பி வரவில்லை. இல்போ கொட்டகைகளைப் பிரித்துத் தகரத்தை விற்றான். இப்போது, சதுப்பில் தோண்டி எரிக்க விற்கும் கரி மண்ணை ஏற்றும் லாரி ஓட்டுகிறான்.

இந்த வருடம் மே மாதம் விரிகுடாவை எண்ண வேறொருவரை அனுப்பினார்கள். அவர் ஊரில் யாரோடும் பேசாமல் எண்ணிவிட்டுப் போனார். தாள் இல்லாவிட்டாலும் நானும் கோபுரத்தில் ஏறினேன். பத்தாம் தேதியிலிருந்து முப்பதாம் தேதி வரை, வேலை இல்லாத எல்லாக் காலையும். சிரிப்பான்கள் நிறைய வந்திருந்தன; நோய்க்கு முன்னால் இருந்த அளவுக்குப் பெருகிவிட்டன. ஓரத்தில் வெறும் தண்ணீர். சின்னது ஒன்றுகூட வரவில்லை.

போன வாரம் நான்குசாலைப் பெட்ரோல் பங்கின் காப்பிக்கடைக்குப் போனேன். இல்போ ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். வேறு எந்த மேசையும் காலியாக இல்லை. அவன் எதிர் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டான். உட்கார்ந்தேன். மழை இல்லை என்றான். ஆமாம் என்றேன். ஏலக்காய் ரொட்டியைப் பாதி தின்றுவிட்டு, ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான்.

"பதினாலு ஜோடி."

எதைச் சொல்கிறான் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தேன்.

"எங்க?"

"கரி மண் தோண்டி விட்ட ஒரு பழைய குழி. தண்ணி நிக்குது. சுத்தி நாணல் வந்திருச்சு. லாரிய நிறுத்திட்டு ஒண்ணுக்குப் போனேன். சத்தம் கேட்டுச்சு."

"சிரிப்பானுங்க இருக்கானுங்களா கூட?"

"இல்ல. ரெண்டு ஆலா. அவ்வளவுதான். தனியாத்தான் இருக்குதுங்க. காக்கா வந்தா ஒண்ணும் மிஞ்சாது."

"எந்தக் குழி?"

அவன் கோப்பையை மேசைமேல் ஒரு சுற்று சுற்றினான். மணிக்கட்டில் தழும்புகள் வெள்ளையாகத் தெரிந்தன.

"சொல்ல மாட்டேன்."

"எனக்கா, யாருக்குமேவா?"

"யாருக்கும். உனக்கும்தான்."

"சரி," என்றேன். அது சரி என்றுதான் எனக்கும் பட்டது. பட்டதால் வலி குறைந்துவிடவில்லை.

அவன் எழுந்து தட்டை அடுக்கில் வைத்துவிட்டு வெளியே போனான். லாரி கிளம்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஓட்டுகிற வழியில் கைவிட்ட கரி மண் குழிகள் ஒன்பது இருக்கின்றன. நூலக வண்டி போகும் சாலையிலிருந்து அவற்றில் நான்கு தெரியும். பாதையை நான் மாற்ற முடியாது. புத்தகத்துக்குக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த இடங்களைக் கடக்கும்போது வெளிச்சத்தம் கேட்காதபடி ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வேகத்தைக் குறைக்காமல் போகிறேன்.